ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடலாமா, கையால் வைக்க வேண்டுமா?

புதுச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கேமரா வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. உறவினர் கல்யாணத்துக்குத் திருவந்திபுரம் போனபோது, படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு எடுத்தாராம். படமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது, சிலவற்றில் ஐஎஸ்ஓ 12800 வரை ஏறியிருந்தது. "ஆட்டோ ஐஎஸ்ஓ கத்துக்குட்டிகளுக்கு, தொழில் தெரிந்தவன் மேனுவலில்தான் வைப்பான்" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஐஎஸ்ஓவை 400இல் வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் இரவு சாமி புறப்பாட்டை எடுத்திருக்கிறார். இம்முறை புள்ளி இல்லை, ஆனால் முகங்கள் எல்லாம் கலங்கிவிட்டன. இரண்டில் எது சரி என்று கேட்கிறார். கூடவே இரண்டு படங்களின் விவரத்தையும் கொடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. கல்யாணப் படம்: எஃப் 5.6 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது), ஷட்டர் 1/500 விநாடி, ஐஎஸ்ஓ 12800. புறப்பாட்டுப் படம்: எஃப் 5.6, ஷட்டர் 1/8, ஐஎஸ்ஓ 400.

ஆட்டோவா மேனுவலா என்று கேட்டாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. ஆட்டோவில் விட்டபோதும் கெட்டது, கையால் வைத்தபோதும் கெட்டது. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது என்பதுதான் அது. ஐஎஸ்ஓ பொத்தானைப் பற்றி மட்டும் பேசினால் இதற்கு விடை கிடைக்காது.

நான் கடலூரில் கல்யாணமும் கோயில் விழாவும் எடுக்கிறவன். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிம் காலத்தில் தொழில் கற்றேன். அந்தக் காலத்தில் ஐஎஸ்ஓ என்பது ரோலோடு வருவது, நாங்கள் ஏஎஸ்ஏ என்றுதான் சொல்வோம். 100 ரோல் மாட்டினால் 36 படமும் 100தான். வெளிச்சம் குறைந்தால் அப்பர்ச்சரைத் திற, ஷட்டரைக் குறை, இல்லையென்றால் ஃபிளாஷ் போடு. ஐஎஸ்ஓவை ஒரு முறை வைத்தால் தொடக்கூடாது என்ற பழக்கம் மூத்தவர்களிடம் இருப்பதற்கு இதுவே வேர். டிஜிட்டல் வந்த புதிதில் அந்தப் பழக்கம் இன்னும் இறுகியது. அப்போதைய கேமராக்களில் 1600 போட்டாலே படம் சிதைந்துவிடும். பல கேமராக்களின் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்ச வரம்பும் வைக்க முடியாது, குறைந்தபட்ச ஷட்டரும் சொல்ல முடியாது. அந்த நாளில் உங்கள் நண்பரின் அறிவுரை சரியானதுதான். இன்றைய கேமராவுக்கு அது அப்படியே பொருந்தாது.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. சென்சாரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவை மூன்றுதான்: இடத்தில் இருக்கும் வெளிச்சம், அப்பர்ச்சர் எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. ஐஎஸ்ஓ இந்த வரிசையில் சேராது. ஐஎஸ்ஓவை உயர்த்தினால் சென்சாருக்குக் கூடுதலாக ஒரு துளி வெளிச்சமும் கிடைப்பதில்லை, அதன் உணர்திறனும் கூடுவதில்லை. ஏற்கெனவே விழுந்த வெளிச்சத்திலிருந்து பிறந்த சிக்னலைப் பெருக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயிலில் மைக் செட் வைத்திருப்பார்கள். பாடுகிறவர் மைக்கை விட்டுத் தள்ளி நின்றால் செட்காரர் ஆம்பிளிஃபயரில் வால்யூமை ஏற்றுவார், பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். அந்த இரைச்சலுக்குக் காரணம் பாடகர் தள்ளி நின்றதுதான், வால்யூம் திருகியில் குற்றம் இல்லை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். வெளிச்சம் ஒழுங்காக வரிசையில் வருவதில்லை. ஃபோட்டான்கள் மழைத்துளி போல முன்னும் பின்னுமாக விழுகின்றன. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் பதிவானால் அதில் இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. நூற்றில் ஒரு பங்குதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதே பிக்சலில் 100 ஃபோட்டான் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு. இது புள்ளியாகத் தெரியும். நீங்கள் பார்க்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இப்படி வெளிச்சத்தின் குறைவிலேயே பிறந்தவை. கேமராவின் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் இதற்கு அப்பால் தனியாக உண்டு. அது முக்கியமாக ஆழ்ந்த நிழல்களில்தான் தலைகாட்டும்.

ஆக, ஐஎஸ்ஓ 12800 என்ற எண் ஒரு அறிகுறி. "இங்கே எனக்கு வெளிச்சம் போதவில்லை" என்று கேமரா சொல்லும் சேதி அது. அந்தச் சேதியைக் கேட்டுவிட்டு ஐஎஸ்ஓவைக் குறைத்தால் ஒன்றும் சரியாகாது. வெளிச்சத்தைக் கூட்டினால்தான் சரியாகும்.

இப்போது உங்கள் கல்யாணப் படத்துக்கு வருவோம். மணமக்கள் மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு 1/500 தேவையே இல்லை, 1/125 தாராளம். அதற்கு இறக்கியிருந்தால் நாலு மடங்கு வெளிச்சம் கிடைத்து ஐஎஸ்ஓ 3200க்கு வந்திருக்கும். அடுத்தது லென்ஸ். கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்து அதை எஃப் 2.8இல் வைத்திருந்தால் இன்னும் நாலு மடங்கு, ஐஎஸ்ஓ 800. எஃப் 2 என்றால் 400. ஆட்டோவைத் தொடாமலே 12800 இருந்த இடத்தில் 400 வந்துவிடுகிறது. இரண்டு பேர் முகமும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் எஃப் 2இல் ஒருவர் ஃபோகஸை விட்டு விலகிவிடுவார் என்பதால் நானாக இருந்தால் 2.8இல் நிறுத்துவேன். எப்படியிருந்தாலும் அங்கே ஆட்டோ ஐஎஸ்ஓ தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நீங்கள் கொடுத்த ஷட்டருக்கும் அப்பர்ச்சருக்கும் ஏற்ற எண்ணை அது போட்டது, அவ்வளவே.

மண்டபத்தில் 1/500 வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பும், 1/50 வைத்தால் இரண்டு துடிப்பும் படத்தில் அடங்கிவிடும். அதைவிட வேகமாகப் போனால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்த படம் மங்கியும், சில நேரம் குறுக்கே பட்டை பட்டையாகவும் வரும். எனவே மண்டபத்தில் ஆள் ஓடியாடாத வரை 1/100தான் என் முதல் தேர்வு. மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது வேறு வேகத்தில் மின்னுவது என்பதால் ஒன்றிரண்டு ஷட்டர் எண்களைப் போட்டுப் பார்த்துத்தான் பட்டை இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புறப்பாட்டுப் படத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஐஎஸ்ஓவை 400இல் பூட்டினீர்கள், ஆனால் கேமரா ஏ மோடில், அதாவது அப்பர்ச்சரை நீங்கள் வைக்க ஷட்டரைக் கேமரா போடும் முறையில் இருந்திருக்கிறது. வெளிச்சம் போதாததால் கேமரா ஷட்டரை 1/8க்கு இறக்கியது. தோளில் சாமியைச் சுமந்துகொண்டு அசைந்து அசைந்து வருகிறவர்களை 1/8இல் எடுத்தால் கலங்காமல் என்ன செய்யும்? லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரே நடப்பவரை நிறுத்தாது. ஐஎஸ்ஓவை 3200இல் வைத்திருந்தால் ஷட்டர் 1/60 கிடைத்திருக்கும். கொஞ்சம் புள்ளி இருக்கும், ஆனால் முகம் இருக்கும்.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் விஷயம் இருக்கிறது. ஐஎஸ்ஓவைக் கையால் வைத்ததும் முழுக் கட்டுப்பாடும் நம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். ஏ மோடில் இருக்கும்வரை அது வரவில்லை, ஆட்டோ என்பது ஐஎஸ்ஓவை விட்டு ஷட்டருக்கு இடம் மாறியிருக்கிறது. ஷட்டரை நாம் வைக்க அப்பர்ச்சரைக் கேமரா போடும் எஸ் மோடில் ஐஎஸ்ஓவைப் பூட்டினால் ஆட்டோ அப்பர்ச்சருக்குப் போகும். எம் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாம் வைத்து ஐஎஸ்ஓவை விட்டால் ஆட்டோ அங்கே உட்காரும். மூன்றையும் நாமே வைத்தால்தான் ஆட்டோ முற்றாக விலகும். எனவே எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தக் காட்சியில் எது தானாக மாறினால் எனக்குக் குறைந்த நஷ்டம் என்பதுதான். ஷட்டர் தவறினால் முகம் கலங்கும், அதைச் சரிசெய்ய வழி இல்லை. அப்பர்ச்சர் தவறினால் பக்கத்தில் நிற்பவர் ஃபோகஸில் இருக்கமாட்டார், அதற்கும் வழி இல்லை. ஐஎஸ்ஓ சற்று ஏறினால் புள்ளி கூடும். அதற்கு ஓரளவு மருந்து உண்டு. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023 ஏப்ரலில் வந்த, புள்ளி நீக்கும் டீநாய்ஸ் வசதி, கேமரா திருத்தாமல் பதியும் ரா கோப்புகளில் செய்யும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூன்றில் ஒன்றைக் கேமராவிடம் விட்டே ஆக வேண்டும் என்றால் ஐஎஸ்ஓவை விடுவதுதான் என் வழக்கம்.

அப்படியானால் எப்போதும் ஆட்டோவா என்றால் இல்லை. கேமராவின் மீட்டர் எதை அளக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். மணப்பெண் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை மீட்டர் அளப்பதில்லை, சட்டத்துக்குள், அதாவது படத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாவற்றிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. அதைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து ஐஎஸ்ஓவைக் குறைக்கும், முகம் கறுக்கும். மாப்பிள்ளை ரிசெப்ஷனில் கறுப்பு கோட் போட்டு வந்தால் "இருட்டு" என்று நினைத்து ஏற்றும், முகம் வெளுக்கும். இரண்டு நேரமும் மேடை விளக்கு ஒன்றுதான், ஒரு துளி மாறவில்லை. ஆட்கள்தான் மாறினார்கள்.

எனவே நான் பார்ப்பது இதைத்தான்: ஆள்மேல் விழும் வெளிச்சம் மாறுகிறதா, அல்லது சட்டத்துக்குள் இருக்கும் நிறம் மட்டும் மாறுகிறதா? வெளிச்சமே மாறினால் ஆட்டோ ஐஎஸ்ஓ. வெளிச்சம் அப்படியே இருந்து ஆட்களும் பின்னணியும் மாறினால் மூன்றையும் கையால் வைத்துவிடுவேன். மேடையில் வரிசையாக வந்து பரிசு கொடுத்து நிற்கும் குடும்பங்களை எடுக்கும்போது ஆரம்பத்தில் ஒரு படம் எடுத்து, முகத்தின் பிரகாசத்தைப் பார்த்து, ஐஎஸ்ஓ, ஷட்டர், அப்பர்ச்சர் மூன்றையும் நிறுத்திவிட்டால் பந்தி முடியும்வரை தொடவே வேண்டாம். ஆல்பம் அடிக்கும்போது எல்லாப் படத்திலும் மணப்பெண் ஒரே நிறத்தில் இருப்பாள். ஆட்டோவில் எடுத்திருந்தால் ஒவ்வொரு படத்தையும் தனியாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போதும் அப்படியே. ஃபிளாஷ் டிடிஎல் என்ற தானியங்கி முறையில் தன் சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும். ஐஎஸ்ஓவும் தானாக மாறினால் இரண்டு தானியங்கிகளும் ஒன்றை ஒன்று இழுக்கும். கூரையில் அடித்துத் திருப்பும்போது ஐஎஸ்ஓ 800 கையால் வைப்பேன், மிச்சத்தை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும்.

சிதம்பரத்து நாட்டியாஞ்சலி போன்ற மேடைகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆடுபவர் மேல் விளக்கு, சுற்றிலும் இருட்டு. சட்டத்தில் முக்கால்வாசி கறுப்பாக இருப்பதால் ஆட்டோ ஐஎஸ்ஓ மேலே ஏற, முகமும் நகையும் வெளுத்துக் கொட்டிவிடும். வெளுத்த இடத்தில் பிறகு ஒன்றும் மீளாது. அங்கே ஷட்டரை 1/250க்கு மேல் வைத்து, ஐஎஸ்ஓவைக் கையால் நிறுத்துவது பாதுகாப்பு. மேடை விளக்கை அடிக்கடி மாற்றினால், ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் முகத்தை அளந்து ஆட்டோவில் விடலாம். கேமராவில் பிரகாசமான பகுதியைக் காக்கும் மீட்டர் முறை இருந்தால் அது இன்னும் நல்லது.

வெளிச்சம் மாறும் இடங்களில் ஆட்டோவுக்கு ஈடில்லை. தாலி கட்டி முடித்து மண்டபத்திலிருந்து வெயிலுக்கு வந்து சாமி கும்பிடப் போகும் மணமக்களோடு நடந்துகொண்டே எடுத்தால், பத்தடிக்குள் ஐஎஸ்ஓ 3200இலிருந்து 100க்கு இறங்க வேண்டும். கையால் திருகிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் அவர்கள் திரும்பிச் சிரித்தது போய்விடும். இரவு புறப்பாடும் அப்படித்தான். ஒரு வீட்டு வாசலில் டியூப் லைட், அடுத்த பத்தடி இருட்டு, பிறகு சீரியல் விளக்கு, நடுவில் தீபாராதனை. கற்பூரச் சுடர் சட்டத்துக்குள் வந்ததும் மீட்டர் ஏமாந்து ஐஎஸ்ஓவைக் குறைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மீட்டர் போட்ட பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை அந்த நேரம் பிளஸ் பக்கம் திருப்பலாம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலத்தை எடுக்கப் போனால், விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விடிந்துவிடும். ஒவ்வொரு நிமிடமும் வேறு வெளிச்சம். ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ ஆட்டோ என்று வைத்துவிட்டு, கண்ணை ஏலக்காரர் முகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஊசுட்டேரிக்குப் பறவை எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதே சந்தேகம்தான். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600, 1/2000 வேண்டும் என்பதால் எம் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது பொதுவான வழி. மேகம் போவதும் வருவதுமான நாளில் அது மிகச் சரி. ஆனால் மேகமில்லாத காலை வெயிலில் ஒரு நாரை வெளுத்த வானத்திலிருந்து இறங்கி, கரை மரங்களைக் கடந்து, தண்ணீரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் விழும் வெயில் கடைசிவரை ஒன்றுதான். பின்னணி மட்டும் வெள்ளை, கறும்பச்சை, நீலம் என்று மாறுகிறது. ஆட்டோ ஒவ்வொன்றுக்கும் ஆடும்: வானத்தின் முன் பறவை கறுக்கும், மரத்தின் முன் வெளுக்கும். அந்த நாளில் மூன்றையும் கையால் வைத்தவருக்குத்தான் எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும். நல்ல வெயிலுக்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு: எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100க்கு 1/100. இதையே எஃப் 8க்கு மாற்றினால் 1/400. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் எஃப் 8இல் 1/1600. பறவைக்குத் தேவையான ஷட்டர் மீட்டரைப் பார்க்காமலே கிடைத்துவிட்டது. வெண்கொக்காக இருந்தால் இறகு வெளுக்காமல் இருக்க ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்துக்கொள்ளலாம்.

முக்காலி போட்டால் ஆட்டோவை மறந்துவிடுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இரவில் முக்காலி வைத்துக் காந்தி சிலையை எடுக்கும்போது, கேமராவுக்கு நீங்கள் முக்காலியில் இருப்பது தெரியாது. கையில் பிடித்திருப்பதாக எண்ணி, ஷட்டரைக் காப்பாற்ற ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றிவிடும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் சில விநாடிகள் என்று நீங்களே வைத்தால் ஒரு புள்ளி இல்லாமல் வரும். வாணவேடிக்கை, பல படங்களை ஒட்டி எடுக்கும் பனோரமா, பாஸ்போர்ட் படம், இவற்றுக்கும் கையால்தான். வீடியோவுக்கும் பெரும்பாலும் அப்படியே, ஏனென்றால் ஓடும் காட்சியில் பிரகாசம் தானாக ஏறி இறங்குவது கண்ணை உறுத்தும்.

இனி, அவ்வளவு நிச்சயமில்லாதவை. "உச்ச ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கலாம்?" என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. உங்கள் கேமராவையும் நீங்கள் படத்தை எங்கே பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது அது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் 12800கூடத் தெரியாது. 12க்கு 36 அங்குல ஆல்பம் தாளில் விரித்து அடித்தால் 6400 தெரியலாம். வீட்டில் இரவு விளக்கில் ஒருவரை உட்காரவைத்து 800இலிருந்து 12800வரை படிப்படியாக எடுத்து, ஒவ்வொன்றையும் நீங்கள் வழக்கமாக அடிக்கும் அளவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கணினித் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அப்படி யாரும் கல்யாண ஆல்பம் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பொறுக்காத எண்ணுக்கு ஒரு படி கீழே வரம்பு வைத்துக்கொள்ளலாம். நண்பரின் கேமராவில் வந்த எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டாம். ஐஎஸ்ஓவை வரையறுக்கும் 12232 என்ற தரநிலையில் 2006இல் சேர்க்கப்பட்ட முறைகளில் ஒன்று, சரியான பிரகாசம் எது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்துக்கொள்ள இடம் தருகிறது. ஒரு கம்பெனியின் 1600உம் இன்னொன்றின் 1600உம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

"ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம், புள்ளி வராது" என்று சிலர் சொல்வார்கள். புள்ளி வராது என்பது தவறு. ஷட்டரும் அப்பர்ச்சரும் ஒன்றாக இருந்தால் 400இல் எடுத்து மூன்று படி ஏற்றிய படத்திலும் 3200இல் எடுத்த படத்திலும் விழுந்த வெளிச்சம் ஒன்றுதான். புதிய கேமராக்கள் பலவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். பழைய கேனான் கேமராக்களில் ஏற்றிய படம்தான் மோசமாக வரும், நிழலில் கோடு கோடாகத் தெரியும். குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்துப் பிறகு கணினியில் ஏற்றுவதில் ஒரு லாபம் மட்டும் உண்மை: விளக்கு, சுடர், தங்க நகை போன்றவை வெளுக்காமல் தப்பும், ஏனென்றால் ஐஎஸ்ஓ ஒரு படி ஏறும்போதெல்லாம் பிரகாசப் பகுதிக்கான இடம் பாதியாகக் குறைகிறது. இது ராவில் எடுப்பவர்களுக்குத்தான். ஜேபெக்கில் எடுத்தால் இந்த வழி வேண்டாம். சில சென்சார்களில் நடுவில் இன்னொரு பெருக்க நிலை தொடங்கும். சோனி ஏ7 மார்க் 3இல் அது 640. அந்த மாதிரிக் கேமராவில் 500ஐவிட 640இல் நிழல் சுத்தமாக இருக்கும். வீடியோக்காரர்கள் சொல்லும் "160, 320, 640 மட்டும் போடு" என்ற விதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய சில கேனான் கேமராக்களில் 160 என்பது 200இல் எடுத்ததைக் கேமரா டிஜிட்டல் கணக்கில் குறைத்துத் தருவது. நிழல் சுத்தமாகத் தெரியும், பதிலுக்குப் பிரகாசத்தில் இடம் போகும். அந்தக் கேமராக்களுக்கு வெளியே அதை விதியாகப் பிடிக்கத் தேவையில்லை. லோ, ஹை என்று எழுத்தில் காட்டும் நீட்டிப்பு ஐஎஸ்ஓக்களையும் தொடாமல் விட்டுவிடலாம்.

நட்சத்திரம், பால்வெளி மண்டலம் எடுப்பது என் தொழில் இல்லை. அதற்குத் தனிக் கணக்குகள் உண்டு, அந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்பது நல்லது.

கடைசியாக மெனு. உங்கள் கேமராவில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கீழ் வரம்பு, மேல் வரம்பு, குறைந்தபட்ச ஷட்டர். கீழ் வரம்பு 100. மேல் வரம்பு உங்கள் சோதனையில் வந்தது. குறைந்தபட்ச ஷட்டர்தான் முக்கியம், அதைத்தான் பலர் தொடாமலே விடுகிறார்கள். மண்டபத்துக்கு 1/100, புறப்பாட்டுக்கு 1/160 அல்லது 1/200, ஓடும் பிள்ளைகளுக்கு 1/500. நிக்கானில் இதை ஆட்டோவில் விட்டால் லென்ஸின் குவிய தூரத்தைப் பார்த்துத் தானே போடும். அது கை நடுக்கத்துக்குப் போதும், ஆள் அசைவுக்குப் போதாது என்பதால் ஒன்றிரண்டு படி வேகமான பக்கம் தள்ளி வைக்கலாம். மேல் வரம்பை எட்டியும் வெளிச்சம் போதாவிட்டால் ஏ மோடில் கேமரா நீங்கள் சொன்ன ஷட்டரையும் மீறிக் கீழே இறங்கும். எம் மோடில் இறங்காது, படம் இருட்டாக வரும். இருட்டான படத்தை ஓரளவு ஏற்றலாம் என்பதால் புறப்பாட்டுக்கு நான் எம் மோடையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேமராவில் குறைந்தபட்ச ஷட்டர் வைக்கும் வசதி இல்லையென்றாலும் அதே எம் மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். வாங்கிய கேமரா பழைய தொடக்கநிலை மாடலாக இருந்தால் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ இருக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வேலை செய்கிறதா என்று. சிலவற்றில் செய்யாது. அப்படியானால் வெள்ளைச் சட்டைக் கூட்டத்தின் முன்னும் கற்பூரத்தின் முன்னும் ஐஎஸ்ஓவைக் கையால் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்காக ஐஎஸ்ஓ பொத்தானைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தேடி எடுக்கப் பழகிவிடுங்கள்.